காலையிலேயே அச்சான கூட்டறிக்கை

பேர்லினில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் எனக்கு அப்போது பகுதிநேர வேலை. மத்திய ஆசியா பற்றி ஆங்கிலத்தில் வரும் செய்திகளைப் படித்துச் சுருக்கித் தர வேண்டும். கூட்டம் நடந்தால் அதன் குறிப்பை எழுத வேண்டும். யாழ்ப்பாணத்தில் நாளிதழ் ஒன்றில் பல ஆண்டுகள் செய்தி திருத்தியவனுக்கு அது கடினமாக இருக்கவில்லை.

சோவியத் ஒன்றியம் உடைந்தபோது அந்தப் பக்கத்தில் பிறந்த ஐந்து நாடுகளுக்கும் திறந்த கடல் கிடையாது. ஒரு நாட்டின் ஆறு அடுத்த நாட்டின் பருத்தி வயலுக்குப் போகிறது. அந்த நாட்டின் எரிவாயு இந்த நாட்டின் வீடுகளைச் சூடாக்குகிறது. யார் எதை எப்போது மூடுகிறார்கள் என்பதுதான் அவர்களுடைய வெளியுறவு.

இரண்டாயிரங்களின் நடுவில், ஒரு பெப்ரவரியில், ஐந்து நாட்டவரையும் நிறுவனம் ஒரு மேசைக்கு அழைத்தது. பொருள்: பிராந்தியப் பாதுகாப்பு. இப்படிப்பட்ட கூட்டங்களில் முடிவறிக்கையை முன்கூட்டியே எழுதி வைப்பது வழக்கம். எங்கள் நிறுவனம் ஒரு படி மேலே போய், அதை அச்சடித்து, அட்டை போட்டு, தைத்தும் வைத்திருந்தது. கடைசிப் பக்கத்தில் ஐந்து கோடுகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு நாட்டின் பெயர். மாலையில் மேசைக்கு வரவேண்டிய அந்தப் புத்தகத்தை யாரோ வரவேற்புக் கோப்பிலேயே, மதிய உணவு விவரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். வந்தவர்கள் காலைக் கோப்பி குடிக்கும் முன்பே தாங்கள் மாலையில் எடுக்கப்போகும் முடிவைப் படித்துவிட்டார்கள்.

"சமாதானத்துக்கும் டெர்மின் எடுத்து வைச்சிருக்கினம், அண்ணை," என்றாள் மொழிபெயர்ப்பாளர். டெர்மின் என்றால் ஜெர்மனில் முன்பே குறித்துவைத்த நேரம். இங்கே வளர்ந்த தமிழ்ப் பெண். பெற்றோர் எண்பதுகளில் அகதிகளாக வந்தவர்கள். பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழி படித்தவள். அந்த ஐந்து நாட்டவருக்கும் இன்னமும் பொதுவாக இருந்தது அந்த மொழிதான். அவர்கள் ரஷ்ய மொழியில் சொல்வதை அவள் ஜெர்மனில் சொல்வாள்.

"பின்ன? ரெயினுக்கு நேரமாகும் எல்லோ," என்றேன்.

அறிக்கையை முழுவதும் படித்தவர் ஐந்தில் ஒன்றான மலைநாட்டிலிருந்து வந்த பெண் ஒருவர்தான். ஐம்பதைத் தாண்டியவர், நீரியல் பொறியியலாளர், அமைச்சின் ஆலோசகர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டாம் பக்கத்தை மீண்டும் படித்தார். மலைநாடு குளிர்காலத்தில் அணையைத் திறக்கக்கூடாது என்று அதில் இருந்தது. குளிர்காலத்தில் திறந்தால் கீழே சமவெளியில் வெள்ளம். கோடையில் வயலுக்குத் தண்ணீர் இல்லை. அது உண்மை. ஆனால் சமவெளி நாடு குளிர்காலத்தில் எரிவாயுவை நிறுத்துவதால்தான் மலைநாடு அணையைத் திறந்து மின்சாரம் எடுக்கிறது. அதுவும் உண்மை. இரண்டாவது உண்மை அறிக்கையில் இல்லை.

"தண்ணீர் என்று எழுதிய இடத்தில் எரிவாயு என்றும் எழுதுங்கள். இல்லாவிட்டால் நான் கையெழுத்திடமாட்டேன்," என்றார் முதல் அமர்விலேயே.

சமவெளி நாட்டுப் பிரதிநிதி சிரித்தார். பழைய காலத்தில் இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்களாம். "மழைக்கும் எங்களிடம் விலை கேட்பீர்கள் போலிருக்கிறதே, தோழி."

"உங்கள் எரிவாயுவை நீங்களா விதைத்தீர்கள்? அது மண்ணுக்குள் கிடந்தது. அதற்கு விலை உண்டு. எங்களுக்கு வானத்திலிருந்து விழுந்தது மட்டும் இலவசமா?"

"இது பாதுகாப்பு பற்றிய கூட்டம். கணவாய்கள் வழியாக ஆயுதக்காரர்கள் வருகிறார்கள். அதைப் பேசுவோம்."

"பேசுவோம். என் மாடிக் குடியிருப்பில் போன மாதம் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மரத் தளபாடத்தை உடைத்து எரித்தார்கள். எந்த ஆயுதக்காரனும் எங்கள் மாடிவரை வந்ததில்லை. குளிர் வந்தது."

நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். யாழ்ப்பாணத்துக்கு மூன்று பக்கமும் கடல். இருந்தும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர்க்காலத்தில், அரசு போட்ட தடை: மண்ணெண்ணெய்க்குத் தடை, அச்சுத்தாளுக்குத் தடை. பள்ளிக் கொப்பிகளின் கோடு போட்ட தாளில் செய்தித்தாள் அடித்தோம். ஒரு ஊரைப் பூட்டுவதற்கு அதைக் கடலிலிருந்து தள்ளி வைக்கத் தேவையில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

மதிய இடைவேளையில் மலைநாட்டுப் பெண்ணுக்கு அமைச்சிலிருந்து தொலைபேசி வந்தது. பேசி முடித்து வந்து மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார். அவள் என்னை நடைவழியில் பிடித்தாள்.

"கையெழுத்து வைச்சிட்டு வரச் சொல்லுறாங்களாம், அண்ணை. வைக்காமல் போனால் அவவின்ர வேலை போயிடுமாம்."

"வைக்கப் போறாவோ?"

"இல்லையாம். வைச்சால் வாற குளிருக்கு அணையைத் திறக்க ஏலாதாம். பிறகு வேலை இருந்தென்ன, வேலை செய்யிற கந்தோரும் குளிரத்தானே போகுது எண்டு சிரிக்கிறா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்கட ஆள் என்ன கேட்டவர் தெரியுமோ? அவ மாட்டன் எண்டால், 'தயக்கம் தெரிவிக்கிறா' எண்டு சொல்லட்டாம். பிறகு தான் சமாளிப்பாராம்."

எங்கட ஆள் என்றது நிறுவனத்தின் இயக்குநரை.

"நீர் என்ன செய்யப் போறீர்?"

"அவ 'நான்' எண்டால் நானும் 'நான்' எண்டுதான் சொல்லவேணும். அதுதானே எங்கட தொழில். என்ர வாயால அவவைப் பின்வாங்க வைக்க ஏலாது."

மாலையில் ஐந்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, புகைப்படக்காரரை நிறுத்தி, அந்தப் புத்தகத்தின் எல்லாப் பிரதிகளையும் கைக்குக் கை மாற்றினார்கள். நால்வர் கையெழுத்திட்டார்கள். மலைநாட்டுப் பெண்ணிடம் வந்தபோது அவர் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றாமலே புத்தகத்தின் மேல் வைத்துவிட்டு, இரண்டு வாக்கியம் சொன்னார்.

இயக்குநர் முந்திக்கொண்டார். "எங்கள் விருந்தினருக்குச் சில தயக்கங்கள் உள்ளன..."

"எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை," என்றாள் மொழிபெயர்ப்பாளர் ஜெர்மனில், பின்வரிசைக்கும் கேட்கும்படி. "எரிவாயு பற்றிய வாக்கியம் இல்லாததால் நான் கையெழுத்திட மறுக்கிறேன்."

புகைப்படக்காரர் கருவியைத் தாழ்த்தினார். சமவெளி நாட்டவர் தன் பழைய கல்லூரித் தோழியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கோபமா பாராட்டா என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. மலைநாட்டுப் பெண் எழுந்துபோகவில்லை. ஐந்தாவது நாற்காலியில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

என் சுருக்கக் குறிப்பின் முதல் வாக்கியம்: ஐந்து நாடுகளில் ஒன்று கையெழுத்திட மறுத்தது, ஏன் மறுத்தது. இயக்குநர் அதைப் படித்துவிட்டு, "பங்கேற்றவர்கள் பரந்த இணக்கத்தை எட்டினர்" என்று தொடங்கச் சொன்னார்.

"எட்டவில்லையே," என்றேன்.

"இது செய்தித்தாள் அல்ல."

"தெரியும். செய்தித்தாளாக இருந்தால் தலைப்பிலேயே போட்டிருப்பேன்."

அவர் குறிப்பை வாங்கித் தானே எழுதினார். மொழிபெயர்ப்பாளருக்கு அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லை. எனக்கும் வேலை நீளவில்லை. மலைநாட்டுப் பெண்ணின் வேலை போனதைச் சில மாதங்களுக்குப் பிறகு அவர் மொழிபெயர்ப்பாளருக்கு எழுதிய மின்னஞ்சலில் அறிந்தோம். தன் கையெழுத்து இல்லாததால் அணை யாருக்கும் கட்டுப்படவில்லை என்றும் அதில் எழுதியிருந்தார்.

இயக்குநரின் குறிப்பில் பரந்த இணக்கம் இருந்தது. ஆனால் புத்தகம் காலையிலேயே அச்சாகித் தைக்கப்பட்டிருந்தது. ஐந்தாவது கோட்டை மட்டும் நீக்க வழியில்லை. புதிதாக அடிக்க எவரும் ஒப்பவில்லை. அமைச்சுகளுக்கும் தூதரகங்களுக்கும் நூலகங்களுக்கும் அதையே அனுப்பினார்கள். என்னிடமும் ஒரு பிரதி இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் நான்கு கையெழுத்துகள். ஐந்தாவது கோட்டின் கீழ் அவருடைய நாட்டின் பெயர் தெளிவாக அச்சாகியிருக்கிறது. கோட்டின் மேல் ஒன்றும் இல்லை.