பச்சையும் என் இருமலும்

என் தம்பிக்குப் பயிற்சி நிலையத்தில் வைத்த பட்டப்பெயர் பச்சை. முதல் நாள் எல்லாரையும் பச்சைச் சட்டையில் வரச் சொல்லியிருந்தார்கள். நான் காலையிலேயே தையல் கடைக்குப் போய்விட்டதால், இவனே அலமாரியைத் திறந்து ஒன்றை மாட்டிக்கொண்டு போனான். செங்கல் நிறச் சட்டை. வேண்டுமென்றே கலாட்டா பண்ணுகிறான் என்று நினைத்து வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். இவனும் கூடச் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி என் மடியில் எறிந்தான்.

சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. சட்டை, பழம், பென்சில், எதை எடுத்தாலும் என் காதோரம் குனிந்து, "அக்கா, இது என்ன கலரு?" என்று குசுகுசுப்பான். வெளியே ஒரு ஈ காக்கைக்கும் தெரியாமல் வளர்த்தோம். எலக்ட்ரீசியன் படிப்புக்குப் போனபோது கண் பரிசோதனையில் பிடிபட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடந்தான்.

அதனால்தான் அந்தப் பொய். தோட்டப் பராமரிப்புப் பயிற்சி, எட்டு மாதம், தேறினால் மருத்துவமனை வளாகத்தில் வேலை என்று விளம்பரம் வந்தது. விண்ணப்பத்தில் 'பார்வைக் குறைபாடு உண்டா?' என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்று எழுதியது நான்.

"புல்லு பிடுங்கறதுக்கு எதுக்குடா கலரு? பேசாம கையெழுத்துப் போடு" என்றேன். எனக்கு வாய் நீளம். மூளைதான் அன்றைக்குக் கட்டையாகிவிட்டது.

புல் பிடுங்குகிற வேலையா அது? மருந்தடிக்காமல் பூச்சியைச் சமாளிப்பது, உதிர்ந்த இலையை எரிக்காமல் செடிக்கடியில் பரப்புவது, கூரையில் விழுகிற மழைநீரை வளாகத்துக் குட்டைக்குத் திருப்பிவிடுவது என்று அத்தனையையும் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டான். இலையின் ஓரத்தைத் தடவியே செடியின் பெயரைச் சொல்வான். நிறம் வருகிற இடத்தில் மட்டும் மற்றவர்களுக்குப் பின்னால் போய் நின்று, அவர்களைப் பார்த்துச் செய்வான். எட்டு மாதமும் சாயங்காலம் கதவைத் திறக்கும்போதே, "கண்டுபிடிச்சிட்டாங்களா?" என்றுதான் கேட்பேன்.

கடைசித் தேர்வில் வந்தது வினை. குட்டைக்கரையில் நட்ட கன்றுகளில் சிலவற்றுக்கு வேர் அழுகல். மழைக்கு முன்னால் எடுக்காவிட்டால் கரை முழுக்கப் பரவிவிடும். மேலே பார்த்தால் எல்லாக் கன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். பயிற்சி கொடுக்கிற மேடம், இவனைவிட இரண்டு வயதுதான் மூத்தவர், மண்ணைச் சோதித்து ரிப்பன் கட்டியிருந்தார். சிவப்பு கட்டியதைப் பிடுங்க வேண்டும், பச்சை கட்டியதைத் தொடக் கூடாது. ஆளுக்கு இருபது கன்று, தனித்தனியாக.

"போச்சுக்கா. எல்லாம் போச்சு" என்றான், தேர்வுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்து.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். தேர்வன்று வீட்டு ஆட்களும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் வேலிக்கு வெளியே நிற்பேன். சிவப்பு வந்தால் ஒரு இருமல், பச்சை வந்தால் கப்சிப். அடேயப்பா, என்ன பெரிய யோசனை!

அன்று காலை கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் கன்று பச்சை. நான் வாயைத் திறக்கவில்லை, அவன் தாண்டிப் போனான். இரண்டாவது சிவப்பு. இருமினேன், பிடுங்கினான். வேர் கறுத்து, கொழகொழவென்று வந்தது. ஏழாவது வரைக்கும் தப்பில்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "தண்ணி வேணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

எட்டாவது பச்சை. அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் நமைச்சல். பதினாறு வருஷம் தையல் கடைப் பஞ்சுத் தூசியைத் தின்ற தொண்டை. பல்லைக் கடித்தேன், மூச்சை அடக்கினேன், கண்ணில் தண்ணீர் முட்டியது. வெடித்துவிட்டது.

பிடுங்கிவிட்டான். வேர் வெள்ளைவெளேரென்று, மண்ணை இறுகப் பிடித்தபடி வந்தது. அவனுக்கே புரிந்துவிட்டது. கன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். மேடம் கரையின் அந்தக் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அழுகல் குவியல் இவன் காலடியிலேயே இருந்தது. உள்ளே சொருகுடா, சொருகித் தொலைடா என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

அவன் குவியலைப் பார்த்தான். பிறகு, "மேடம்" என்று கூப்பிட்டான்.

"நல்ல செடியப் பிடுங்கிட்டேன் மேடம். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. பொறந்ததுலேர்ந்தே தெரியாது."

மேடம் கன்றை வாங்கி வேரை ஈரச் சாக்கில் சுற்றினார். அதற்கப்புறம்தான் பேசினார். "ஃபாரத்துல குறையில்லன்னு இருக்கே. யார் எழுதினது?"

"நான்தான்."

பாவி, எனக்காகப் பொய் சொன்னான். ஊருக்கே பதில் சொல்கிற என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. என்னை என்ன செய்வார்களோ என்று பயம், வேறொன்றுமில்லை. நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"வீட்டுக்குப் போங்க. ஆபீஸ்ல என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்" என்றார் மேடம்.

மறுநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு அவர் அறைக்குப் போனேன். "அவன் எழுதல மேடம். நான் எழுதினேன். இருமினதும் நான்தான்."

"இருமல் எனக்கும் கேட்டுச்சு. யாருக்கோ உடம்பு முடியலன்னு நினைச்சேன்." அவர் சிரிக்கவில்லை. புதுப் படிவம் ஒன்றை என் பக்கம் தள்ளினார். "இத அவரே எழுதட்டும். நீங்க தொடாதீங்க."

அவனே எழுதினான். பத்து நாள் வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் இருவரும் எழுந்து நின்றோம். பதினோராம் நாள் கடிதம் வந்தது. வேலை உண்டு. நிறம் பார்க்க வேண்டிய இடத்தில் இன்னொருவரைக் கேட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை.

அவன் வேலையில் சேர்ந்த முதல் நாள் வேலி வரைக்கும் கூடப் போனேன். அந்த எட்டாவது கன்றைத் திரும்ப நட்டிருந்தார்கள். பாதி இலை வாடி, ரிப்பனோடு நின்றது. கரையில் பத்துப் பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இவன் குனிந்து ரிப்பனைத் தொட்டுப் பார்த்தான். நிமிர்ந்தான்.

"அக்கா! இது என்ன கலரு?"

கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினான். எல்லாரும் திரும்பினார்கள். எனக்கு இருமல் வரப் பார்த்தது, விழுங்கிக்கொண்டேன்.

"பச்சைடா!" என்றேன்.