இடது கைச் சட்டம்

பல் டாக்டரிடம் போனவர்களுக்குத் தெரியும். நாற்காலியைச் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, மெஷினை உள்ளே விடுவதற்கு முன் சொல்வார்கள்: "வலிச்சா இடது கையைத் தூக்குங்க." வாய் நிறையப் பஞ்சும் குழாயும் இருக்கும்போது மனிதன் வேறு எப்படிச் சொல்வான்? பல் டாக்டரான என் அக்கா அந்த உரிமையை நோயாளியோடு நிறுத்தாமல் கிளினிக்கில் இருந்த எல்லாருக்கும் கொடுத்தாள்.

எங்கள் கிளினிக்கில் யார் இடது கையைத் தூக்கினாலும் டாக்டர் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட வேண்டும். தூக்குவது நர்ஸாக இருக்கலாம், தரை துடைக்கும் அம்மாவாக இருக்கலாம், முன்மேஜையில் டோக்கன் கொடுக்கும் நானாகவும் இருக்கலாம். ஏன் என்று அங்கே கேட்கக் கூடாது. வெளியே வந்துதான் பேச்சு. தூக்கியது தப்பென்றாலும் திட்டக் கூடாது. ஒருமுறை தரை துடைக்கும் அம்மா, மேலே தொங்கிய ஒட்டடைக்காகக் கையைத் தூக்கி, பாதிப் பல்லில் வேலை நின்றது. வெளியே அத்தனை பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவோ, "நல்லதும்மா. சிலந்தி அவர் வாய்க்குள்ள விழுந்திருந்தா என்ன ஆகிறது" என்றாள்.

இந்தக் கிறுக்குக்குக் காரணம் உண்டு. படிப்பு முடித்த புதிதில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அவளுக்கு மேலிருந்த டாக்டர் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் சொத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லில் இடுக்கியை வைத்தார். அக்கா அருகில் நின்று பார்த்தாள். பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கி முடிப்பதற்குள் நல்ல பல் தட்டில் கிடந்தது. "ஊர்ல எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்றோம். அன்னிக்கு என் வாய் திறக்கலடா" என்று இன்றைக்கும் சொல்வாள்.

ஊழியர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் அவளைத் தலைவி என்பார்கள். திங்கட்கிழமை காலையில், கதவு திறப்பதற்கு முன், கருவிகளை ஆவியில் சுத்தம் செய்யும் சின்ன அறையில் எல்லாரும் நெருக்கியடித்து நிற்போம். போன வாரம் செய்த தப்பை ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். முதல் தப்பு அவளுடையது. ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு ஒதுங்கும் ஆளில்லை என் அக்கா. வீட்டில் மட்டும் சட்டம் செல்லாது. வாக்குவாதத்தில் தோற்கும்போதெல்லாம் மாமா இடது கையைத் தூக்குவார். "அதெல்லாம் கிளினிக்கோட சரி" என்று சொல்லிவிட்டு மேலே திட்டுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு மனக்குறை. அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் சின்ன டாக்டருக்கு எல்லாரும் கை தூக்குவார்கள், அக்காவுக்கு ஒருவரும் தூக்கியதில்லை. "எனக்கு மட்டும் ஒரு கையும் எழும்ப மாட்டேங்குது. நான் அவ்வளவு சரியா செய்றேனா, இல்ல என்கிட்ட பயமா?" என்று கூட்டத்தில் கேட்பாள். நாங்கள் சிரித்து மழுப்புவோம்.

இந்த வருடம் அவள் வலது கை நடுங்கத் தொடங்கியது. டீக் கோப்பை தட்டில் கடகடவென்று அடித்தது. மறுநாளிலிருந்து தட்டில்லாமல் குடித்தாள். நரம்பு டாக்டரைப் பார் என்று நச்சரித்தேன். "கருவியைப் பிடிச்சா நிக்குதுடா. உன் வேலையைப் பாரு" என்றாள். திங்கட்கிழமைகளில் அவள் சொல்லும் தப்புகளும் சிறுத்துப்போயின. ஜன்னலைச் சாத்த மறந்தாளாம். அதைக் கேட்டு எல்லாரும் தரையைப் பார்த்தோம்.

அன்றைக்கு வந்தவர் ஒரு தபால்காரர். ஞானப்பல் புதைந்துகிடந்தது, ஈறைக் கீறித்தான் எடுக்க வேண்டும். கிளினிக் திறந்த நாள் முதல் கூடவே இருக்கும் சிஸ்டர் இடது கையால் கன்னத்தை விலக்கிப் பிடித்து, வலது கையில் எச்சில் உறிஞ்சும் குழாயோடு நின்றார். கண்ணாடிக் கதவு வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. அக்கா கத்தியை ஈறுக்கருகே கொண்டுபோனாள், முனை நடுங்கியது. கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி கொண்டுபோனாள்; மறுபடி நடுங்கியது. மூன்றாம் முறை கத்தி நெருங்கும்போது சிஸ்டர் கன்னத்தை விட்டுவிட்டு இடது கையைத் தூக்கினார். அதைப் பார்த்த தபால்காரர், தூக்க வேண்டும்போலிருக்கிறது என்று தானும் தூக்கினார். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அக்கா கத்தியைத் தட்டில் வைத்தாள். "ஒண்ணும் பயமில்லைங்க. சின்ன டாக்டர் வந்து முடிச்சுக் கொடுப்பாங்க" என்று தபால்காரரின் தோளைத் தட்டிவிட்டு, என்னைத் தாண்டி விறுவிறுவென்று பின்பக்கம் போனாள்.

பல்லைச் சின்ன டாக்டர் எடுத்து முடித்ததும் சிஸ்டர் கருவி அறைக்குள் போய் அழுதார். "நான் வேலையை விட்டு நின்னுக்கிறேன் தம்பி. இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவங்க பக்கத்துல நிக்கிறது?" என்றார் பின்னாலேயே போன என்னிடம். அப்போது அக்கா உள்ளே வந்தாள். கையுறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. சிஸ்டர் முன்னால் போய் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"இதைக் கழட்டி விடுங்க சிஸ்டர். எனக்கு வரல."

சிஸ்டர் மெல்ல உரித்தெடுத்தார். வெறும் கை நடுங்கியது. அக்கா அதை மறைக்கவில்லை.

"இத்தனை வருஷமா எங்க போச்சு உங்க இடது கை?"

"பயமா இருந்துச்சு டாக்டர்."

"எனக்குந்தான்" என்றாள் அக்கா. அவளை நினைத்துப் பாவமாக இருந்தது. அவ்வளவு பெருமையாகவும் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை வழக்கம்போல அவளே ஆரம்பித்தாள். "போன வாரம் நான் செஞ்ச தப்பு, நடுங்குற கையால கத்தியைத் தொட்டது. இனிமே கீறுற வேலை எல்லாம் சின்ன டாக்டர்தான். நாளைக்கு நரம்பு டாக்டரைப் பார்க்கப் போறேன்." அடுத்து நின்றவர் சிஸ்டர்.

"என் தப்பு, முதல் தடவை நடுங்கினப்பவே கையைத் தூக்காதது."

பரவாயில்லை சிஸ்டர் என்று எனக்கு வாய் வரை வந்தது. அக்கா முந்திக்கொண்டாள்.

"தப்புதான்" என்றாள். "அடுத்து யாரு?"