இரண்டு பேருக்கு ஒரு ஹெல்மெட்

எங்கள் கம்பெனி வாசலில் ஒரு பெரிய பலகை இருக்கிறது. விபத்து இல்லாமல் கழிந்த நாட்களின் எண்ணிக்கையைத் தினமும் காலையில் அதில் மாற்றி எழுதுவார்கள். என் நண்பர் செத்துப்போன மறுநாளும் அந்த எண் ஒன்று கூடித்தான் இருந்தது. கேட்டுக்கு உள்ளே அடிபட்டால்தான் கணக்காம். கையில் கட்டோடு லீவு சொல்லப் போன நான், பலகையைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். வாட்ச்மேன் காதில் விழாத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். ஆரம்பாக்கத்தில் ஒற்றை அறை வாடகை வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்கிறவர்களும் இப்போது குறைந்துவிட்டார்கள். அவர் அதே கம்பெனியில் ஃபிட்டர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மனைவியோடு இருந்தார். ஆறு வருடமாக அவர் பைக்கின் பின்சீட்டில்தான் வேலைக்குப் போய் வந்தேன்.

அந்தப் பின்சீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்டோர்ஸில் எனக்குத் துணை போல்ட்டும் பேரிங்கும்தான். துண்டுச் சீட்டை நீட்டுவார்கள், சாமானை எடுத்துக் கொடுப்பேன், போய்விடுவார்கள். வீட்டுக்கு வந்தால் ஃபேன் சத்தம். நாள் முழுக்கச் சேர்ந்த பேச்சையெல்லாம் நான் அவிழ்த்துக் கொட்டியது சாயங்காலம் அவர் முதுகுக்குப் பின்னால்தான். அவரும் சலித்துக்கொண்டதில்லை. வளவளவென்று பேசுகிறவனுக்கு அப்படி ஒரு ஆள் கிடைப்பது பெரிய விஷயம்.

எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஹெல்மெட். அவர் மனைவி பொன்னேரிக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கி, தட்டிப் பார்த்து வாங்கி வந்தது. ஹெல்மெட் இல்லாத பைக்கைக் காலையில் கம்பெனி கேட்டில் விடமாட்டார்கள். பின்னால் உட்கார்கிறவனுக்கும் கட்டாயம் என்று ஒரு நாள் நோட்டீஸ் ஒட்டினார்கள். அன்றைக்கே நாங்கள் எல்லோரும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டோம். கேட் கண்ணில் படுவதற்கு முன்னால், வளைவிலேயே பின்சீட்டு ஆட்கள் இறங்கிவிடுவோம். வண்டி ஹெல்மெட்டோடு உள்ளே போகும், நாங்கள் ஏதோ பஸ்ஸில் வந்தவர்கள் போலக் கையை வீசிக்கொண்டு நடந்து போவோம். காலை ஷிப்டில் அந்த வளைவில் திருவிழாக் கூட்டம் கூடும். தலையைக் காப்பாற்றுவதற்கு இல்லாமல், கேட்டைத் தாண்டுவதற்கு ஒரு ஹெல்மெட். அதை நினைத்து நாங்கள் சிரித்தும் இருக்கிறோம்.

வெளியே போகும்போது யாரும் பார்ப்பதில்லை. அதனால் சாயங்காலம் அவர் ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிடுவார். முதல் தடவை கொடுத்தபோது, "இன்னாப்பா, வேர்க்குதா?" என்று கேட்டேன்.

"அதில்லணா. இத்த மாட்டிக்கினா நீ பேசறது ஒண்ணும் காதுல வுழ மாட்டேங்குது" என்றார்.

கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இடைஞ்சல் என்று நானே தலையில் மாட்டிக்கொண்டேன். எனக்கு அந்த கிளிப் போட வராது. அவரே வண்டியை நிறுத்தி, திரும்பி, என் தாடைக்குக் கீழே கையை விட்டு மாட்டிவிடுவார். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. ஓட்டுகிறவர் தலை சும்மா இருக்க, பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் தலையில் ஹெல்மெட். எதிரில் வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கள் தெருவுக்குத் திரும்பும் வழி நெடுஞ்சாலையின் அந்தப் பக்கம். முறையாகப் போனால் ரொம்ப தூரம் தள்ளிப்போய் வளைந்து வர வேண்டும். அதற்கு முன்னாலேயே நடுத்திட்டில் ஒரு இடைவெளி இருக்கிறது. அதில் புகுந்து, எதிரே வரும் வண்டிகளின் ஓரமாகக் கொஞ்ச தூரம் ராங் சைடில் போனால் தெரு வந்துவிடும். ஊரே அப்படித்தான் போகும். கல்யாண ஊர்வலம்கூட அந்த வழியாகத்தான் வரும். எங்களுக்கு அது ராங் சைடு என்ற நினைப்பே கிடையாது.

அன்றைக்கு வெயில் இன்னும் இறங்கவில்லை. அவர் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்திருந்தார். கண் சிவந்திருந்தது. "பேசிக்கினே வாணா, தூக்கம் வராது" என்றார். நான் விடுவேனா, ஏதோ ஒரு கதையை எடுத்துவிட்டேன். ராங் சைடில் திரும்பினோம். ஓரத்தில் ஒரு டிரெய்லர் லாரி நின்றிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போக வண்டியை இடப்பக்கம் ஒடித்தார். எதிரே வேன் வந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மணலில் விழுந்து கிடந்தேன். கை முறிந்திருந்தது. ஹெல்மெட்டில் ஒரு பக்கம் முழுக்கச் சிராய்ப்பு. அவர் தார் ரோட்டில் கிடந்தார். கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

யாரோ என்னைத் தூக்கி உட்காரவைத்து ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். அதை வண்டியின் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். பிறகு வந்து அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் அவர் ஹெல்மெட்டை பைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு வந்ததாக முடிவு கட்டிவிட்டார்கள். துக்க வீட்டிலும் அதே பேச்சுதான். "கண்ணாடிக்கு மாட்டிக்கினு போனா தலைய யாரு காப்பாத்துவா?" என்று அவர் மாமன் முறைக்காரர் ஒருவர் ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

அவர் மனைவி சத்தம் போட்டு அழவில்லை. "நான் பாத்து பாத்து வாங்கிக் குடுத்தேன். அத்த போடறதுக்கு மனசு வரலியே அவருக்கு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் கட்டுப்போட்ட கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன? என் தலையைப் பார்ப்பார்கள் என்ற பயம்.

பிறகு வேலைக்கு ரயிலில் போக ஆரம்பித்தேன். பெட்டியில் அத்தனை பேர் நிற்பார்கள், எல்லோர் கண்ணும் போனில் இருக்கும். காரியம் முடிந்து மாதக்கணக்கில் யாரோடும் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் கடைக்காரரிடம் சர்க்கரை கேட்டபோது என் குரலே எனக்குக் கரகரத்தது. அந்தத் தனிமைகூடப் பரவாயில்லை. செத்துப்போன மனுஷனைத் தன் பொண்டாட்டி வாங்கித் தந்ததை மதிக்காதவன் என்று ஊர் பேசியது. அவளும் நம்பினாள். அதுதான் தூங்கவிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். டீ வைக்க எழுந்தவளை உட்காரச் சொன்னேன்.

"ஹெல்மெட்டு கண்ணாடில இல்லம்மா. என் தலைல இருந்துச்சு."

நான் முழுவதையும் சொன்னேன். காலையில் கேட்டுக்காக அவர் போட்டுக்கொள்வது, சாயங்காலம் என் பேச்சைக் கேட்கக் கழற்றுவது, கிளிப் மாட்டிவிடுவது, எல்லாவற்றையும். "நான் வாய வெச்சிக்கினு சும்மா வந்திருந்தா அவரு தலைலதான் இருந்திருக்கும்" என்றேன். திட்டட்டும், எழுந்து போகச் சொல்லட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"தெனம் ராவுல சாப்புடும்போது எனக்கு சொல்லுவாரு" என்றாள்.

"இன்னாம்மா?"

"நீங்க வண்டில பேசினதெல்லாம். தட்டு முன்னால குந்தனதும், 'அண்ணன் இன்னிக்கு இன்னா சொன்னாரு தெரியுமா'ன்னு ஆரம்பிப்பாரு. எனக்கும் வேற யார்கிட்ட பேச்சு இருக்குது?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு மட்டும் சொல்லல. நீங்க சொல்லுங்கணா. இன்னா பேசிக்கினு வந்தீங்க?"

சொல்லவே வெட்கமாக இருந்தது. ஒன்றுமில்லாத பேச்சு. நான் புதிதாக ஒரு குக்கர் வாங்கியிருந்தேன். நாலு விசில் வந்ததும் இறக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பாயில் படுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக எண்ணினேன். நாலு விசில் ஆனதும் இறக்கித் திறந்தால் அரிசி அப்படியே பச்சையாகக் கிடக்கிறது. மறுநாளும் அதே கதி. எண்ணிக்கை தப்பவே இல்லை.

அந்த இடம்வரைதான் அவருக்குச் சொல்லியிருந்தேன். அவளிடமும் அங்கே நிறுத்திவிட்டேன்.

"அப்புறம்?" என்றாள்.

"அதுக்குள்ள வேன் வந்துடுச்சும்மா."

"கதை இன்னாச்சி?"

"விசிலு பக்கத்து ஊட்டு குக்கர்து. என்துல வெயிட்டே போடல."

அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவர் படம் மாட்டியிருந்த சுவர்ப் பக்கம் திரும்பி, நான் சொன்னதை முதலிலிருந்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.