செங்கல் மாளிகையின் கிணறு

ஷியாமென் நகரத்துக் குலாங்யூ தீவில் சுற்றுலா வழிகாட்டியான யான்ஃபெய், கூட்டத்தை மயக்க ஒரு கதை கட்டிவிட்டாள். எப்போதும் சாத்தியே கிடக்கும் செங்கல் மாளிகையில், கடல் கடந்துபோன கணவனுக்காகக் காத்திருந்தவள் கிணற்றில் குதித்துச் செத்தாளாம்.

ஒருநாள் அந்தக் கதவு திறந்தது. நரைத்த தலையுடன் ஓர் அம்மாள் வந்து நின்றாள்.

"நான் எப்படிச் செத்தேன்னு எனக்கும் சொல்லேன்மா. எங்க வீட்டுல கிணறே இல்லியே! துணி காயப்போட வந்தாக்கூட பேய்னு அலறுறாங்க."

யான்ஃபெய்க்கு முகம் வெளிறிப்போனது. "நான் சொன்ன பொய்தாங்க, அத்தை. மன்னிச்சிருங்க."

மறுநாளிலிருந்து அவள் உண்மையையே சொன்னாள். ஆனால் அவளிடம் கேட்டுத் தாங்களும் சொல்லிவந்த மற்ற வழிகாட்டிகள் அந்தக் கதையை விடவில்லை. "அது நான் கட்டினதுடி, விட்டுருங்கடி" என்று கெஞ்சினாள்.

"போக்கா! படகை விட்டு எறங்கும்போதே ஜனம் அந்தக் கிணத்தைத்தான் கேக்குது" என்று சிரித்தார்கள்.

அந்த மாளிகை இருக்கும் சந்தில் தலைநிமிர்ந்து நடக்க யான்ஃபெய்யால் பிறகு முடியவேயில்லை.