ஹால் ஃபிரேம்

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். பத்திரிகைக்கு மேலே கண்ணாடித்தாள் உறை போட்டிருந்தார்கள். அதைக் கிழித்தேனா, புது மையும் வார்னிஷும் கலந்த ஒரு வாசனை குப்பென்று வந்தது. அவர் முகூர்த்த நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அங்கே இல்லை. தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது. யாரோ ஒருவன் சீட்டுப் பாக்கெட்டைப் பிரிக்கிறான். ஜிகினாத்தாள் சரசரக்கிறது. உள்ளே எந்தச் சீட்டு இருக்கிறதோ என்று சுற்றி நிற்கிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

"குடும்பத்தோட வந்துடணும் சார்."

"கண்டிப்பா வரேன்" என்றேன். யார் கல்யாணம் என்பதே மறந்துவிட்டது.

சீட்டு என்றதும் நீங்கள் ரம்மியை நினைத்திருப்பீர்கள். எங்கள் சரகத்துப் போலீஸ்காரரும் அப்படித்தான் நினைத்தார். யாரோ மொட்டைக் கடுதாசி போட, ஒருநாள் லத்தியோடு மாடிக்கு வந்துவிட்டார். மேஜை நிறைய டிராகன், பேசும் மரம், இறக்கை முளைத்த சிங்கம். ஒரு சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல ராஜா ராணி எங்கய்யா?" என்றார். "இதுல எல்லாமே ராஜாதாங்க" என்றேன். சிரித்துவிட்டு டீ குடித்துப் போனார். ஆள் பார்த்துப் பேசத் தெரியாமலா பிளாட்பாரத்தில் பொம்மை விற்ற நான் சொந்தக் கடைக்கு வந்தேன்?

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. லால்குடியிலிருந்து மாற்றுச் சட்டை இல்லாமல் பஸ் ஏறி வந்தவன். ஆனால் அந்த வெளிநாட்டுச் சீட்டைத் திருச்சியில் முதன்முதலாக இறக்கியவன் நான்தான். இல்லை என்கிறவர் நேரில் வரட்டும். கீழே ஃபேன்சி ஸ்டோர், மேலே ஆட்டம். சீட்டில் இருந்த இங்கிலீஷில் ஒரு எழுத்தும் எனக்குத் தெரியாது. எந்தப் படத்துக்கு எவன் முகம் மலரும் என்பது மட்டும் தெரியும். வியாபாரத்துக்கு அது போதும்.

வந்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிற ஆட்கள். கைக்கடிகாரம் பழுது பார்க்கிற பாலக்கரை ஜமால், எங்கள் எல்லோருக்கும் அவர் பாய். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் வேலை பார்த்த செல்வம். அவன் சீட்டுக்கட்டைக் கலைத்தால் அதற்குள்ளிருந்து தவிட்டு வாசனை வரும். இப்போதும் எங்காவது மில் பக்கம் பஸ் போனால் எனக்கு நெல் ஞாபகம் வருவதில்லை, டிராகன்தான் ஞாபகம் வருகிறது. அப்புறம் ஸ்ரீரங்கத்து வரதன். மிக்ஸி கிரைண்டர் விற்கிற கடையில் நின்றுகொண்டிருந்தான். காலேஜில் பாதிப் பேப்பர் அரியர். மாடியில் மட்டும் அவன் உட்கார்ந்தால் எதிரே உட்கார ஆட்கள் யோசிப்பார்கள். சீட்டைக் கீழே வைக்கும்போது சத்தமே வராது. நெற்றியில் ஸ்ரீசூர்ணம் வியர்வையில் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதைத் துடைக்கவும் மாட்டான், நிமிரவும் மாட்டான்.

ஒருநாள் பாய்தான் அந்தப் பேச்சை எடுத்தார். "அண்ணே, வெளிநாட்டுல பெரிய ஆட்டக்காரங்களை எல்லாம் ஓட்டுப் போட்டு எடுத்து ஹால் ஆஃப் ஃபேம்ல வைக்கிறாங்க. நம்மளும் செஞ்சா என்ன?"

என் காதில் விழுந்தது ஹால் ஃபிரேம். சரிதானே? ஹாலில் ஃபிரேம் போட்டு மாட்டுகிறார்கள். இதில் என்ன கஷ்டம்!

யாரை மாட்டுவது என்று பேச்சு வந்தது. நிறைய ஜெயித்தவனையா, கள்ளம் இல்லாமல் ஆடுகிறவனையா, புதிதாக வருகிறவனுக்குப் பொறுமையாகச் சொல்லித் தருகிறவனையா என்று ஒரே கூச்சல். நான் மேஜையைத் தட்டினேன். "யாரும் யாரையும் புகழாதீங்க. அவன்கிட்ட நீ எப்படித் தோத்தேன்னு சொல்லு. அதுதான் ஓட்டு" என்றேன். இந்தச் சட்டத்தை எந்த வெளிநாட்டுக்காரனும் யோசித்திருக்க மாட்டான். மனிதன் புகழும்போது பொய் சொல்வான். தோற்ற கதையை மட்டும் கூசாமல் சொல்ல முடியாது, சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும்.

அந்தச் சாயங்காலம் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஜன்னலில் மலைக்கோட்டை மங்கிக்கொண்டு வருகிறது. விளக்குப் போட யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொருத்தராகத் தான் தோற்றதைச் சொல்கிறார்கள். ஏதோ பழைய காதலைச் சொல்கிற மாதிரி மெதுவாக, சிரித்துக்கொண்டே. அநேகமாக எல்லாக் கதையும் வரதனிடம் போய் முடிந்தது. அவன் தலையைக் குனிந்து ஒரு சீட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தான்.

மறுநாளே அவன் போட்டோவை ஃபிரேம் கடையில் கொடுத்துவிட்டேன். அந்தக் கடைக்காரர் சாமி படமும், காலமானவர் படமும் செய்கிறவர். வழக்கப்படி சந்தன மாலையும், சின்னதாக ஒரு சிவப்பு பல்பும் சேர்த்தே கொடுத்தார். தப்பு என்னுடையது என்று நான் இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை. பார்ப்பதற்கு நன்றாக இருந்தது, மாட்டினேன். நானே சுத்தியல் பிடித்து, படியேறி வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி ஆணி அடித்தேன். அடுத்த ஞாயிறு காலை பல்பையும் போட்டுவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்தேன்.

முதலில் ஏறியவன் செல்வம். பின்னாலேயே போய்ப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்கிறான், கண்ணில் தண்ணீர். "எப்பண்ணே? போன வாரம்கூட நல்லாத்தானே இருந்தான்..."

நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் ரெண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். சேதி ஸ்ரீரங்கம் போய்ச் சேரக் காவேரிப் பாலம் ஒரு தூரமா? மத்தியானம் வரதன் வந்தான். பின்னாலேயே அவன் அம்மா. மடிசார் கட்டிய ஒல்லியான அம்மாள், படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"யாரு இங்க முதலாளி? என் புள்ளை ஜீவனோட இருக்கச்சே மாலையைப் போட்டு விளக்கும் ஏத்தி வச்சிருக்கேளே, நன்னா இருக்கா இது? ஆத்து வாசல்ல வந்து துக்கம் விசாரிக்கறா!"

"அம்மா, கத்தாதேம்மா. எல்லாரும் பார்க்கறா."

"பார்க்கட்டும். எடுடா அதை. இனிமே இந்தப் படியை நீ மிதிக்கப்படாது."

வரதன் படத்துக்குக் கீழே போய் நின்றான், எடுக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே, எங்களுக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்துச் சொன்னான். "இந்த ஒண்ணுலதாம்மா நான் ஃபர்ஸ்ட்டு."

எல்லோருக்கும் கேட்டது. பாய்தான் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "ஒக்காருங்கம்மா. எடுத்துடறோம். ஏன் மாட்டினோம்னு மட்டும் கேட்டுட்டுப் போங்க. ஒரு தடவை என் கையில டிராகன் இருந்துச்சும்மா. இவன்கிட்ட வெறும் தவளை. அந்தத் தவளைகிட்ட தோத்தேன். அன்னிக்கு ராத்திரி என் பீவிகிட்டகூடச் சொல்லலை."

செல்வம் சொன்னான்: "நான் ஜெயிச்சாச்சுன்னு டீ சொல்லிட்டேங்க. டீ வர்றதுக்குள்ள தோத்துட்டேன். அந்த டீயையும் உங்க மகன்தான் குடிச்சான்."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அந்த அம்மாள் யார் பேசினாலும் அவர் முகத்தைப் பார்க்காமல் மகன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை கம்ப்யூட்டர் கிளாஸ்னு சொல்லிட்டுதானேடா வருவே?"

வரதன் திரும்பாமலே தலையை ஆட்டினான்.

"இத்தனை நாளா நம்பியிருக்கேன். அப்போ நானும் உன்கிட்ட தோத்தவதான்." என் பக்கம் திரும்பினார். "என்னோடதையும் சேர்த்துக்கோங்கோ."

மாடி அதிரும்படி சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் எழுந்து நின்றதும் குரல் மாறிவிட்டது. "படம் இருக்கட்டும். மாலையைக் கழட்டுங்கோ, விளக்கை அணையுங்கோ. ஆணியில மாட்டப்படாது. போனவாதான் தொங்குவா. இருக்கறவா ஒக்காரணும்."

அன்றே தச்சரை வரவழைத்துத் தேக்கில் நாலு கால் வைத்த ஒரு நீளப் பலகை போட்டேன், நல்ல பலகை, விலை விசாரிக்காமல் போட்டேன். வரதன் படம் அதில் உட்கார்ந்தது. அடுத்த வருஷ ஓட்டில் பாய் படமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். செல்வமும் உட்கார்ந்தான். எங்கள் ஊரில் மட்டும் அந்தப் பேச்சே மாறிவிட்டது. "இந்த வருஷம் யாரைத் தேர்ந்தெடுக்கிறது?" என்று கேட்க மாட்டார்கள். "யாரை ஒக்கார வைக்கிறது?" என்பார்கள்.

பிறகு எல்லாம் போனுக்குள் போய்விட்டது. ஆட்டமும் அதற்குள்ளேயே. தோற்றவன் முகத்தை ஜெயித்தவன் பார்ப்பதில்லை. முகமே தெரியாத ஆளிடம் தோற்றதை யாரிடம் போய்ச் சொல்வது? கடையை மூடினேன். மூடினேன் என்றால் நஷ்டத்தில் இல்லை, முழங்கால் படியேற மறுத்ததால். அவரவர் படத்தை அவரவர் எடுத்துப் போனார்கள். வரதன் தன் படத்தைத் துண்டில் சுற்றி ஸ்ரீரங்கம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனான். பஸ் திரும்பும்வரை பார்த்தேன். ஜன்னல் ஓரம் ரெண்டு வரதனும் உட்கார்ந்தபடியே போனார்கள்.

பத்திரிகை வாசனை விடவில்லை. முழங்காலைத் திட்டிக்கொண்டே நேற்று அந்த மாடிக்கு ஏறினேன். மொபைல் கவர் மொத்த வியாபாரம், தரையிலிருந்து கூரைவரை அட்டைப்பெட்டி. தேக்குப் பலகை இல்லை. அது ஒட்டிக் கிடந்த சுவரைக் கையால் தடவிப் பார்த்தேன். அத்தனை பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு ஒரு கீறல் இல்லை, ஒரு ஓட்டை இல்லை. தொங்கவிடவில்லையே, எப்படி இருக்கும்?

இறங்குவதற்கு முன் படிக்கு நேரே இருந்த சுவரைப் பார்த்தேன். தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கிக்கொண்டிருந்தது, வரதன் படத்துக்கு அடித்த என் பழைய ஆணி.

இப்போதைய கடைக்காரர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். "பழைய ஆணி சார். பெயின்ட் அடிக்கும்போது பிடுங்கிப் பார்த்தோம், அசையலை. யாரு அடிச்சாங்களோ!"

"நான்தான்" என்றேன்.