வைரவனுக்கு வைத்த புதுப் பெயர்

எங்கள் வீட்டில் நாய் வளர்ப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை. வினையெல்லாம் அதன் பெயரில்தான் வந்தது.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குப் பட்டம் கட்டிய வருடம் அது. எனக்கு எட்டு வயது. ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் அப்பா கிறிஸ்தவ சபைக்கு உபதேசியாராக இருந்தார். குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாளையங்கோட்டையிலிருந்து வில்வண்டியில் வந்துபோவார். மற்ற நாள்களில் ஜெபம், பள்ளிக்கூடம், சண்டை விலக்குவது எல்லாம் அப்பா தலையில்தான்.

பிசான நெல் அறுப்பு முடிந்ததும், வயலுக்கு உரமாகட்டும் என்று ஆட்டுக்கிடை போடுவார்கள். அப்படிக் கிடை போட வந்த ஆட்டுக்காரர் ஒருவர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது, கால் ஒடிந்த கறுப்பு நாய் ஒன்றை வரப்பில் விட்டுவிட்டார்.

"ஆட்டுக்குப் பின்னால இதால நடக்க முடியாது, ஐயா. பேரு வைரவன். கூப்பிட்டா உசுரக் குடுத்து ஓடியாரும். பாத்துக்கிடுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அப்பா அதைத் தோளில் தூக்கி வந்து, மூங்கில் சிம்பு வைத்துக் காலைக் கட்டினார். ஒரு மாதத்தில் கால் கூடிவிட்டது. கூடிய காலோடு அது ஊர் சுற்றக் கிளம்பியது. பொழுது சாயும் நேரத்தில் அப்பா தெருவில் நின்று, பிரசங்கம் செய்து பழகிய தொண்டையால், "வைரவா! வைரவா!" என்று கூப்பிடுவார்.

எதிர்வீட்டுக் கடைக்கார அண்ணாச்சி திருநீறு பூசுகிற சைவர். அவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"உபதேசியாரே, எங்க பூசாரி கூட வைரவர இவ்வளவு உருக்கமாக் கூப்பிடுதது இல்ல வே!" என்றார். தெருவே சிரித்தது. அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

எங்கள் சபையில் பெயர் என்பது விளையாட்டுக் காரியமல்ல. ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் பழைய பெயரை வேதக்கோயில் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். அப்புறமும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவன் பாதி பின்வாங்கிப் போனவன் என்று அப்பா பிரசங்கமே செய்வார். அவரும் இருபது வயதில் அப்படிப் பெயர் மாறியவர்தான். பழைய பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றியதில்லை.

அன்றைக்கே நாய்க்குப் புதுப் பெயர் தேடும் படலம் ஆரம்பமாயிற்று. கறுப்பன், வீரன், மாடன் என்று நாய்க்குப் பொருந்துகிற பெயரையெல்லாம் ஊர்ச் சாமிகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேதாகமத்திலிருந்து ஒரு பெயர் வைக்கலாம் என்றேன். அம்மா என் வாயில் ஒன்று போட்டாள். கடைசியில் அவளே அஞ்சறைப்பெட்டியைத் திறந்து பார்த்து, "மிளகுன்னு வைங்க. மிளகுல என்ன சாமி இருக்கு?" என்றாள்.

மறுநாளே அண்ணாச்சி சேதி கொண்டுவந்தார். சேரன்மாதேவிப் பக்கம் மிளகுப் பிள்ளையார் என்று ஒருவர் இருக்கிறாராம். மழை வேண்டுமென்றால் அவர்மேல் மிளகை அரைத்துப் பூசுவார்களாம். அப்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் பெயர் மிளகுதான் என்று முடிவாயிற்று. ஐயர் அடுத்த முறை வருவதற்குள் நாய் அந்தப் பெயருக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வாழைத்தோட்டத்துக்குக் காவலாக அனுப்பிவிடுவது என்றும் தீர்ப்பாயிற்று.

நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கருவாட்டுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் "மிளகு, மிளகு" என்று தொண்டை வறளக் கத்தினேன். கருவாட்டுக்கு வரும், மிளகுக்குக் காதைக்கூட அசைக்காது. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று அதுவும் என்னோடு சேர்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் வருகிறார் என்று தகவல் வந்தது. சனிக்கிழமை காலையில் அப்பா நாயின் கழுத்தில் கயிற்றைக் கட்டினார். நானும் கூடவே போனேன். வாய்க்கால் கரையில் தொடங்கிய என் அழுகை ஸ்ரீவைகுண்டம் கடைத்தெரு வரைக்கும் ஓயவில்லை.

"அழாத, ஏட்டி. தோட்டத்துல அது சொகமா இருக்கும்" என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார்.

வாழைத்தார்கள் அடுக்கியிருந்த இடத்தைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏலே, சுடலை!"

அப்பா சட்டென்று நின்று திரும்பினார். தோளில் ஒரு தாரோடு வயதான ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அப்பாவுக்கு இருப்பது போலவே நீண்ட மூக்கு.

"நல்லாருக்கியாலே?"

"இருக்கேன், அண்ணாச்சி."

"இது ஒம் மவளா?"

"ஆமா, அண்ணாச்சி."

அவர் தாரை இறக்கி, ஒரு சீப்பை அறுத்து என் கையில் கொடுத்தார். என் கன்னத்தைத் தொட வந்த கை பாதியில் நின்று, பிறகு தொட்டது. அப்புறம் தாரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பாவம், ஆள் தெரியாமல் கூப்பிட்டுவிட்டார்; பெரியவராயிற்றே என்று அப்பாவும் திருத்தவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா போகிறவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து நாயின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

"வைரவா, வா லே. வீட்டுக்குப் போவோம்" என்றார்.

நாய் அவர்மேல் பாய்ந்து முகத்தை நக்கியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வழியிலேயே நாலு பழம் தின்றேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து, சபையார் எல்லாரும் நிற்கும்போது, ஐயர் நாயைப் பார்த்து அதன் பெயரைக் கேட்டார். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா, "வைரவன், ஐயா. அந்தப் பேரோடதான் வந்துச்சு" என்றார். ஐயர் சிரித்துக்கொண்டே எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்.

அவருடைய வண்டி தெருமுனை திரும்பியதும் அம்மா என்னை அடுக்களைக்கு இழுத்துப் போனாள்.

"ஏட்டி, நேத்து அங்கன என்ன நடந்துச்சு?"

"நான் அழுதேன்லா, அதான் அப்பா மனசு மாறிட்டாங்க."

"வேற ஒண்ணும் நடக்கலையா?"

வாழைப்பழம் தந்தவர் அப்பாவைச் சுடலை என்று தப்பாகக் கூப்பிட்ட வேடிக்கையைச் சொன்னேன். அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"திரும்பிப் பாத்தாகளா?"

"உடனே பாத்தாங்க."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பினாள். ஐயருக்காக ஆக்கிய ஆட்டுக்கறியில் மீந்திருந்ததை, சட்டியை வழித்து, அவ்வளவையும் கொண்டுபோய் வைரவன் முன்னால் வைத்தாள். என் அழுகைக்கு இத்தனை மதிப்பா என்று நான் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.