மழை வந்தால் குழியக்கா வருவார்

குழியின் விளிம்பில் குப்புறப் படுத்து, தலையை உள்ளே நீட்டி, "குடி ராசா, குடி" என்று மண்ணைக் கொஞ்சிக்கொண்டிருப்பார் குழியக்கா. ஊற்றிய தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று பார்க்க, கோடு போட்ட குச்சி ஒன்று குழிக்குள் நிற்கும். எதிர்வீட்டு மாடியிலிருந்து நாலு பேர் வேடிக்கை பார்ப்பதோ, உடுப்பெல்லாம் சேறு அப்பியிருப்பதோ அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

வீட்டின் மேல் விழும் மழையை அந்த வீட்டு மண்ணுக்குள்ளேயே இறக்கிவிடுவதற்குத் திட்டம் போட்டு வரைந்து கொடுப்பது அவர் தொழில். ஆட்களின் முகம் அவருக்கு நினைவில் நிற்காது, மண்தான் நிற்கும். கடைத்தெருவில் யாராவது வணக்கம் வைத்தால் திருதிருவென்று விழிப்பார். பிறகு, "ஓ, அந்தக் களிமண் வீட்டு அண்ணனா!" என்று முகம் மலரும். அவருடைய கணவருக்குச் சொல்லி அலுக்காத கேலி ஒன்று உண்டு: "ஊருக்கே குழி பறிக்கிறா என் பொண்டாட்டி."

"முதல் வாய்த் தண்ணிய நம்பவே கூடாதுங்க," என்பார் குழியக்கா. "காஞ்ச மண்ணு குடுத்ததையெல்லாம் முழுங்கிடும். வயிறு நெறஞ்சப்புறமும் குடிக்குதான்னு பாக்கணும்." அதனால் ஊற்றி, வடியவிட்டு, மறுநாளும் வந்து ஊற்றுவார். அவசரக்காரர்களுக்கு அவரைக் கண்டாலே எரிச்சல்தான்.

போன மாதம் ஒரு தையல்காரம்மா கூப்பிட்டிருந்தார். தெருவிலேயே பள்ளமான வீடு. பெருமழை பெய்தால் பின்னறைக்குள் தண்ணீர் புகுந்துவிடும். நடக்க முடியாத மாமியார் படுத்திருப்பதும் அந்த அறையில்தான். முன்பு யாரோ சுவரை ஒட்டியே குழி வெட்டியதில், ஈரம் சுவரில் ஏறியதுதான் மிச்சம்.

"இந்தத் தடவையும் உள்ள வந்துச்சுன்னா வீட்ட வித்துடலாங்கறாரு எங்க வீட்டுக்காரரு," என்று தையல்காரம்மா கண் கலங்கினார். "இத விட்டா எங்களுக்கு வேற எதுங்க?"

பின்பக்கம் தோண்டிய இடமெல்லாம் களிமண். ஊற்றிய தண்ணீர் அசையவே இல்லை. "என்ன, புதையல் தேடுறீங்களா?" என்றார் வீட்டுக்காரர். முன்பக்கம், சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, ஆழமாகப் போனபோதுதான் மணல் வந்தது. மறுநாள் ஊற்றியதையும் அது மடமடவென்று குடித்தது. கூரைக் குழாய்களை எல்லாம் அங்கே திருப்பி, வழியில் குப்பை தங்க ஒரு சின்னத் தொட்டியும் வைத்து வரைந்து கொடுத்தார். "எலை தழையெல்லாம் உள்ள போக விடாதீங்க, மண்ணுக்குத் தொண்டை அடைச்சுக்கும்."

வேலை முடிந்த சூட்டோடு வானம் இருட்டியது. ஊரே துணி எடுக்க மாடிக்கு ஓட, குழியக்கா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். கொட்டுகிற மழையில் தையல்காரம்மா வீட்டுக்குப் போய்க் குழியின் மூடியைத் தூக்கினார். தண்ணீர் கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்தது. கணக்குத் தப்பிவிட்டதா? வீடு கைமாறினால் அந்தப் பாவம் யார் தலையில்?

விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்ததும் தண்ணீர் நின்றது. மழை நிற்கவில்லை, ஆனால் மட்டம் அதற்கு மேல் ஏறவும் இல்லை.

"வர்றதெல்லாம் உள்ள போகுதுங்க! குடிக்குது!" என்று கத்தினார். மழை தணியத் தணிய மட்டம் இறங்கியது. அப்பாடா என்று ஈரத்தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். தொப்பலாக நனைந்துவிட்டவருக்கு வீட்டுக்காரர் ஓடிவந்து குடை பிடித்தார்.

பின்னறைத் தரை காய்ந்து கிடந்தது. "என்னடி, இன்னும் தண்ணி வரல?" என்று கேட்டார் மாமியார். தையல்காரம்மா கட்டிலின் கால்களைப் பார்த்தார். ஒவ்வொன்றின் அடியிலும் செங்கல் அடுக்கியிருந்தது.

"கொஞ்சம் தூக்கிப் பிடிங்களேன்," என்றார்.

குழியக்கா ஒரு பக்கமும் வீட்டுக்காரர் மறுபக்கமுமாக, மாமியாரோடு சேர்த்தே கட்டிலைத் தூக்கினார்கள். தையல்காரம்மா குனிந்து, செங்கற்களை ஒவ்வொன்றாக உருவினார்.